தேக்கு நிறப் புரட்சி

மனிதன் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்கப்புறம் குறிப்பிட்டுச் சொல்லும்படியாக எதையும் செய்யாமல் நெடுங்காலம் சும்மா இருந்தான். அந்தக் குறை, சித்தூர் மாவட்டத்தில் குடிபாலாவுக்குப் பக்கத்தில், பாலமடுகு ஏரியில், ஜலவிகார அபிவிருத்தி சமிதி அங்கே விட்டிருந்த ஒரே படகில்தான் தீர்ந்தது. 'பராமரிப்பு' என்கிற அடிமைத்தனத்திலிருந்து மனித இனம் விடுதலை பெற்ற இடம் அது. அங்கே இன்னும் ஒரு கல்வெட்டுகூட நடப்படவில்லை என்பது நாட்டுக்கே அவமானம்.

விடுதலை வாங்கித் தந்தவர் ஜெபசிங். சமிதியின் உதவிப் பொறியாளர், அந்தப் படகுத் துறைக்குப் பொறுப்பாளர். மனைவி ஹன்னா திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் ஸ்வீட்டிக்கு எட்டு வயது, அங்கேதான் படிக்கிறாள். ஜெபசிங் மட்டும் குடிபாலாவில் ஒரு மாடியறையில் மெஸ் சாப்பாட்டைத் தின்றுகொண்டு காலம் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமைதான் சமிதிக்கு வியாபாரம் என்பதால் அன்று அவருக்கு லீவு கிடையாது. புதன்கிழமை லீவில் திருப்பதிக்குப் போனால் மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள், மனைவி டியூட்டியில் இருப்பாள், வீட்டில் பூட்டு இருக்கும். குடும்பத்தோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து ஆராதனை கேட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது. அவருக்கு வேண்டியதெல்லாம் திருப்பதிக்கு ஒரு மாற்றல்.

சமிதியின் ஜெனரல் மேனேஜர் ஆதிகேசவன் அப்போதுதான் கோவாவில் ஒரு கருத்தரங்கில் மூன்று வேளையும் உண்டு திரும்பியிருந்தார். கூடவே 'ஜீரோ மெயின்டெனன்ஸ்' என்று இரண்டு வார்த்தைகளையும் பத்திரமாக எடுத்து வந்திருந்தார். திருப்பதி தலைமை அலுவலகத்தில் கூட்டம் போட்டு, "எந்தப் படகுத் துறையில பராமரிப்பே இல்லாம பண்ணிக் காட்டறீங்களோ, அந்த ஆபீசர் கேக்கற ஊருக்கு போஸ்டிங்" என்று அறிவித்தார். பராமரிப்பே இல்லாத துறைகள் சமிதியில் ஏற்கெனவே ஏராளம். ஆனால் அதைச் சாதனை என்று சொல்லிக்கொள்ள அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

ஜெபசிங்குக்குத் தோன்றியது. பாலமடுகுப் படகின் உடம்பு ஃபைபர். ஆனால் சுற்றிலும் ஓரப்பட்டியும் கைப்பிடியும் தேக்கு. வருஷத்துக்கு ஒரு முறை மணிவேல் என்கிற படகோட்டி அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிப்பான். முன்னேற்றத்துக்குத் தடையாக இருந்தது இந்தத் தேக்குதான். ஒரு மாற்றல் வேண்டுமென்றால் முதலில் இன்னொரு மாற்றல் செய்தாக வேண்டும் என்று ஜெபசிங் புரிந்துகொண்டார்.

ரேணிகுண்டாவிலிருந்து 'நித்யசுமங்கலி பாலிமர்ஸ்' மோகன்ராஜ் பையோடு வந்தார். அடுத்த கூட்டத்தில், தேக்கு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டியை ஆதிகேசவனின் மேசைமேல் வைத்தார்.

"மரம்னா இன்னா சார்? ஒரு நாளு சாவற பொருளு" என்றார். "இது சாவறதே கெடையாது. உயிரு இருந்தாதானே சாவறதுக்கு."

"பாக்கறதுக்கு தேக்காட்டமே கீது" என்றார் ஜெபசிங்.

"தேக்குல இல்லாத ரேகை கூட அச்சடிச்சிக்கிறோம் சார். கறையான் அண்டாது, உளுத்துப்போவாது. தண்ணில போட்டா மிதக்கும். மெயின்டெனன்ஸ் அவசரம் லேது."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சற்று நின்று வணங்கிவிட்டுப் போக வேண்டும். தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. தமிழில் 'அவசரம்' என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இரண்டையும் ஒரே வாயில் பேசும் ஊர் அது. யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்துத்தான் பொருள் கொள்வார்கள். பராமரிப்பு தேவையே இல்லை என்று ஜெபசிங் தெலுங்கில் கேட்டுக்கொண்டார். பட்டி பொருத்திய அன்று இதே வாக்கியத்தை மணிவேல் தமிழில் கேட்டுக்கொண்டான். "அவசரம் இல்லியா சார்? அப்ப மெதுவா பாத்துக்கலாம்" என்றான். உப்புத்தாளிலிருந்து தப்பித்ததில் ஜெபசிங்கைவிட அவனுக்குத்தான் அதிக சந்தோஷம். மொழிச் சண்டைகள் மலிந்த இந்த நாட்டில் இரண்டு மொழிகளும் சேர்ந்து ஒரே முடிவுக்கு வந்தன. அந்தப் பட்டியை அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கழற்றிய தேக்கு 'கழிவு' என்று வகைப்படுத்தப்பட்டது. கழிவுக்கு உரிய மரியாதையோடு அது ஆதிகேசவன் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடியாகப் போய்ச் சேர்ந்தது.

தை மாதத்தில் படகு பளபளவென்று இருந்தது. மாசி வரைக்கும் புரட்சி வெற்றி நடை போட்டது. பங்குனி பிறந்தவுடன், டிக்கெட் கொடுக்கும் கங்கம்மா ஜெபசிங்கின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், போட்டுல ஏறினவங்கல்லாம் ரெண்டு கையையும் தூக்கிக்கினு உக்காந்துக்கினு கிறாங்க. பாக்கறதுக்கு உங்க ஜெபக்கூட்டமாட்டம் கீது."

"ஏன்?"

"ஓரத்துல கை வெச்சா தோசைக்கல்லாட்டம் சுடுது சார். ஒரு அம்மா கையில கொப்புளம் வந்துக்குது."

"பயணிகள் ஓரத்த தொடணும்னு ரூல் இருக்குதா?"

"தொடாத எப்பிடி சார் ஏறி எறங்கறது?"

விஞ்ஞானம் இப்படிப்பட்ட பாமரக் கேள்விகளைக் கண்டு கலங்குவதில்லை. ஜெபசிங் கோணிச் சாக்குகள் வாங்கி, நனைத்து, பட்டிமேல் போர்த்தச் சொன்னார். சாக்கு காயக் காய மணிவேல் வாளியில் மொண்டு ஊற்ற வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தவன் இப்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் ஊற்றினான். இதைப் பராமரிப்பு என்று சொல்வது அறியாமை. அலுவலகக் குறிப்புகளில் இதற்கு 'உபசரிப்பு' என்று பெயர்.

சித்திரையில் பட்டி இன்னொரு குணத்தையும் காட்டியது. வெயிலில் நீண்டது. நீள இடமில்லாததால் வளைந்து புடைத்தது. முன்பக்கம் இடது ஓரத்தில் இரண்டு ஸ்க்ரூக்கள் தலையை நீட்டி ஏரியை எட்டிப் பார்த்தன. கை வைத்து அழுத்தினால் பட்டி ஆடியது. ஜெபசிங் உடனே திருப்பதியில் இருந்த நிர்வாக அதிகாரி கிருஷ்ணப்பாவுக்குப் போன் போட்டார்.

"சார், ஓரம் கழண்டுக்கினு வருது. கம்பெனி ஆள அனுப்பணும். ரொம்ப அவசரம் சார்."

கிருஷ்ணப்பாவின் காது சுத்தத் தெலுங்குக் காது. "அவசரமா? சரி, அவசரமானதுல சேத்துக்கறேன்" என்றார் நிதானமாக.

"எப்ப சார் வருவாங்க?"

"எல்லாருக்கும் எல்லாமே அவசரம்தான் பாபு. சித்தூரு ஆபீசுக்கு நாற்காலி அவசரம். உங்களுது அதுக்குப் பின்னால."

தமிழில் ஒரு மனிதனை ஓட வைக்கும் வார்த்தை தெலுங்கில் அவனை நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி வைத்தது. தப்பு எங்கே என்று ஜெபசிங்குக்குப் போனை வைத்த அந்த நொடியே தெரிந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டு விளக்கியிருக்கலாம். ஆனால், 'ஜீரோ மெயின்டெனன்ஸ்' துறையில் அடிக்கடி பழுது என்ற பேச்சு ஜி.எம். காதுக்குப் போனால் போஸ்டிங் என்னாவது? ஓர் ஒட்டுப் பசை டியூபை வாங்கி வந்து, அழுத்திப் பிடித்துத் தானே ஒட்டினார்.

வைகாசியில் ஆதிகேசவன் பார்வையிட வந்தார். "உங்க குடும்பத்தையும் வரச் சொல்லுங்க, போட்டோவுல பொம்பளைங்க கொழந்தைங்க இருந்தாதான் களை" என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் ஹன்னாவும் ஸ்வீட்டியும் வந்தார்கள். ஸ்வீட்டி மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். நைனா வேலை செய்கிற படகை அவள் அதுவரை பார்த்ததில்லை.

மணிவேல் கடைசியாக ஒரு வாளி ஊற்றிவிட்டுச் சாக்குகளைச் சுருட்டிக் கரையில் போட்டான். எல்லோரும் ஏறியதும் படகைக் கரையை விட்டு நகர்த்தினான். போட்டோக்காரன் கரையில் நின்றான்.

"லைஃப் ஜாக்கெட்டெல்லாம் கழட்டுங்க" என்றார் ஆதிகேசவன். "ஆரஞ்சு கலரு தேக்கு கலர அடிச்சிடுது."

கழற்றினார்கள். அவர் படகைக் கலைக்கண்ணோடு ஒரு முறை பார்த்தார். "பாப்பா, மஞ்சள் கவுன், நீ முன்னால வா. அந்த எடது பக்கம். கைய ஓரத்து மேல வெச்சிக்கினு சிரி."

அந்த இடது பக்கம்தான். ஜெபசிங் வாயைத் திறந்தார். 'சார், அங்க வேணாம்' என்று மூன்று வார்த்தைகள் தொண்டை வரை வந்தன. ஏன் வேண்டாம் என்று ஜி.எம். கேட்பார். பதில் சொன்னால் புரட்சி முடிந்தது, குடிபாலா மெஸ் சாப்பாடு நிரந்தரம். பசை தாங்கும் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடினார். மூடிய வாய் போட்டோவில் புன்னகையாக நன்றாகவே விழுந்திருக்கிறது.

ஸ்வீட்டி உட்கார்ந்து, சுடுகிற பட்டியில் கையை வைத்து, சுடாத மாதிரி சிரித்தாள். படகு திரும்பும்போது லேசாகச் சாய்ந்தது. அவள் பட்டியை இறுக்கிப் பிடித்தாள். பட்டி அவளோடு கிளம்பியது. ஒரு சத்தமும் இல்லை. மஞ்சள் கவுன் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது.

ஹன்னா கத்தினாள். ஜெபசிங்குக்கு நீச்சல் தெரியாது. படகு அவளைத் தாண்டிப் போய்விட்டிருந்தது; மணிவேல் ஓட்டுவதை விட்டுவிட்டுக் குதித்தான். அவன் போய்ச் சேரும்வரை ஸ்வீட்டி அந்தப் பட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூழ்கியும் எழும்பியும் தத்தளித்தாள். வெளியே தூக்கியபோது இருமினாள், வாந்தி எடுத்தாள், பிறகு அழுதாள். அவள் அழுத சத்தத்தைக் கேட்ட பிறகுதான் ஜெபசிங்குக்கு மூச்சு வந்தது.

ஆதிகேசவன் ஈரமான பட்டியை மரியாதையோடு கையில் எடுத்துப் பார்த்தார். "மிதந்திச்சு பாத்தீங்களா" என்றார். "தேக்கா இருந்தா முழுகி இருக்கும்." தேக்கும் மிதக்கும் என்றோ, தேக்கு என்றால் கழன்றே இருக்காது என்றோ சொல்லும் அளவுக்கு அங்கே யாருக்கும் பதவி இல்லை.

அடுத்த வாரம் திருப்பதியில் விசாரணைக் கூட்டம். ஜெபசிங் இரண்டு பதவிகளில் அழைக்கப்பட்டிருந்தார்: பொறுப்பு அதிகாரி, பாதிக்கப்பட்டவரின் தகப்பன். கிருஷ்ணப்பா விசாரித்தார்.

"பாப்பா ஓடிச்சா?"

"உக்காந்துக்கினு இருந்திச்சு சார்."

"உக்காந்துக்கினு எப்பிடி ஓடிச்சு?"

"ஓடல சார்."

"ஓடலன்னா ஓரம் தானா கழண்டுச்சுன்னு ஆவுது. தானா கழலாதுன்னு கம்பெனி கேரண்டி குடுத்துக்குது. அப்ப பாப்பா ஓடித்தான் ஆவணும்."

தர்க்க சாஸ்திரத்தில் இதற்குமேல் போக வழியில்லை. ஆதிகேசவன் கண்ணாடியைத் துடைத்தபடி, "திருப்பதியில ஒரு எடம் காலியா இருக்குது. யோசிச்சி சொல்லுங்க, அவசரம் ஒண்ணுமில்ல" என்றார். எந்த மொழியில் சொன்னார் என்று ஜெபசிங்கால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெளியே வராந்தாவில் காத்திருந்த ஹன்னாவிடம் போய்ச் சொன்னார். "புள்ளைக்கி ஒண்ணும் ஆவலல்ல" என்றாள். "சொல்லிட்டு வந்துடுங்க. தெனமும் நான் ஒருத்தியே எல்லாத்தையும் பாக்க முடியல."

ஜெபசிங் உள்ளே போய், குழந்தை ஓடியது என்றார். கூட்டம் திருப்தியோடு கலைந்தது. அந்தப் பட்டி 'உயிர்காக்கும் உபகரணம்' என்று பெயர் பெற்று, சமிதியின் எல்லாப் படகுகளுக்கும் சிபாரிசு செய்யப்பட்டது.

மாற்றல் வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை ஜெபசிங் திருப்பதி சபையில் மனைவி மகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்தார். சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் எழுந்து, கர்த்தர் தன் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டதையும், பிரிந்திருந்த குடும்பத்தை ஒன்று சேர்த்ததையும் தழுதழுத்தபடி சொன்னார். சபையார் ஸ்தோத்திரம் என்றார்கள். பாஸ்டர் மனம் நெகிழ்ந்து, "பாப்பாவும் வந்து ஒரு வார்த்தை சாட்சி சொல்லட்டும்" என்றார்.

ஸ்வீட்டி முன்னால் போனாள். மைக் எட்டாததால் பாஸ்டர் இறக்கிப் பிடித்தார்.

"நான் போட்டுல ஓடினேன்" என்றாள் தெளிவாக. "ஓடக்கூடாதுன்னு நைனா சொல்லியும் ஓடினேன். அதனாலதான் விழுந்தேன். கர்த்தர் என்னை மன்னிச்சிட்டார்."

சபை இன்னும் உரக்க ஸ்தோத்திரம் என்றது.

வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பினார்கள். லீலாமகால் சந்திப்பைத் தாண்டும்போது ஜெபசிங் மெதுவாகக் கேட்டார். "யாரு கண்ணு உன்ன அப்பிடி சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நீயும் அம்மாவும் பேசிக்கினு இருந்தத கேட்டேன்" என்றாள் ஸ்வீட்டி. "நான் ஓடலைன்னு சொன்னா உன்ன மறுபடியும் அங்கியே அனுப்பிடுவாங்கல்ல?"

சபையில் நின்று பொய் சாட்சி சொன்னதற்காக அன்று அவளை யாரும் கண்டிக்கவில்லை. கண்டிக்கும் யோக்கியதை அந்த ஆட்டோவில் இருந்த பெரியவர்கள் இரண்டு பேருக்கும் இல்லை.