மேஜர் அக்காவின் நாலாவது வண்டி

இரண்டாம் உலகப் போர் முடிந்துவிட்டது என்ற செய்தி செங்கல்பட்டில் ஒரே ஒருவருக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. அவர் எங்கள் தெருவில் மாவு மில் நடத்தும் மேஜர் அக்கா.

அக்காவுக்கும் ராணுவத்துக்கும் உள்ள சம்பந்தம், குடியரசு தினத்தன்று டிவியில் அணிவகுப்பு பார்ப்பதோடு சரி. கீழே அவருடைய மில். மாடியில் குடித்தனம் நான். வேலை சிறுசேரியில், கம்ப்யூட்டர் முன்னால். மில்லுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் போர்க்காலத்து மோட்டார் சைக்கிள்கள் மூன்று, உடம்பெல்லாம் பட்டாளப் பச்சையோடு அட்டென்ஷனில் நிற்கும். மூன்றும் காயலான் கடையில் எடைக்குப் போகவிருந்த எலும்புக்கூடுகள். அக்காதான் உயிர் கொடுத்தார்.

மில்லில் எந்த நேரமும் நாலைந்து பேர் தூக்குவாளியோடு காத்திருப்பார்கள்.

"மேஜரு, மொளகா இன்னும் அரைக்கலியா?"

"இரும்மா, பிஸ்டன் ரிங்கு மாட்டிகினு கீறேன். மொளகா இன்னா எய்ந்து ஓடிடப் போவுதா?"

அந்த மில் மிளகாய்த்தூளில் வைத்த குழம்புக்கு ஒரு தனி வாசம் உண்டு. அது கிரீஸ் என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. ஒருநாள் அக்கா வீட்டு இட்லித் தட்டில் குழிக்கு ஒரு போல்ட்டாக மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து அக்கா டிபன் சாப்பிடக் கூப்பிட்டால் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

நாலாவது வண்டியின் இரும்புச் சட்டம், அதாவது ஃபிரேம், கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. கூடவே, அந்தக் காலத்துச் சிப்பாய்களுக்காக அச்சடித்த இங்கிலீஷ் கையேட்டின் ஜெராக்ஸ் ஒன்றையும் அக்கா எங்கிருந்தோ பிடித்துவிட்டார். படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு ஒழிந்தன.

"எதிரி நெருங்கினால், வண்டி அவன் கையில் சிக்காதபடி கார்புரேட்டரை உடைத்துவிட்டுத் தப்பவும்" என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"எவன்டா இத எய்தினவன்? கையில வண்டிய வச்சிகினு ஒடச்சிட்டு நடந்து ஓடறதாம்! ஏறி ஒக்காந்து ஓட்டிகினு போனா ஆவாதாமா?"

எண்பது வருடத்தில் அந்தத் தளபதிகளை யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நாலு வருடம் உழைத்து வண்டி ஏறக்குறைய முடிந்தது. பெட்ரோல் டேங்க் மட்டும் கிடைக்கவில்லை. ஒருநாள் கருவாடு வாங்க மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்குப் போனோம். பேரம் பேசிக்கொண்டிருந்த அக்கா பாதியில் எழுந்து கடலைப் பார்த்து ஓடினார். கரையில் கிடந்த ஒரு படகில், டீசல் ஊற்றி வைக்க ஒரு டேங்க் கட்டியிருந்தார்கள். சாட்சாத் அதே டேங்க்!

படகுக்குச் சொந்தக்காரர், கருவாடு விற்ற தனம். "தர மாட்டேன். அது எங்க படகுக்கு ராசி" என்றார்.

"ராசியா கீதுன்னா படகு ஏன் கரையில கீது?"

"இன்ஜின் ஸ்டார்ட் ஆவல. பத்து நாளா பேஜாரு."

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் ஏறினார். மூன்று மணி நேரம். கடைசியில் இன்ஜின் உறுமியபோது குப்பத்தில் விசில் பறந்தது. தனம் தன் கையாலேயே டேங்கை அவிழ்த்து மடியில் வைத்துக் கொடுத்தார், சீர் கொடுப்பது போல.

இந்த வருடத் தொடக்கத்தில் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் பழைய வண்டிகள் போட்டி நடந்தது. ராணுவ வண்டிகளுக்குத் தனிப் பரிசு. அக்கா செங்கல்பட்டிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டே வந்தார். பட்டணத்திலிருந்து தோல் ஜாக்கெட் போட்ட ஒருவர் லாரியில் நாலு வண்டிகளை இறக்கினார். அக்காவின் வண்டியைச் சுற்றி வந்து மூக்கைச் சுளித்தார்.

"மேடம், இது ஆர்மி வண்டியா, பெயின்ட் அடிச்ச பால்காரர் வண்டியா?"

"பால்காரன் வண்டியாவே இருக்கட்டும் அண்ணாத்த. ரோட்டுல ஓடி வந்துச்சு. உங்களுது லாரியில தூங்கிகினுல்ல வந்துச்சு?"

வாய் இப்படிச் சொன்னது. ஆனால் கை, முந்தானையால் டேங்கைத் திரும்பத் திரும்பத் துடைத்தது. அதை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். டேங்க் படகிலிருந்து வந்தது என்று அக்காவே பெருமையாகச் சொல்லிவிட்டதால், வண்டியைப் போட்டியிலிருந்தே எடுத்துவிடலாமா என்று அமைப்பாளர்கள் வேறு குசுகுசுத்தார்கள்.

நடுவர், வெள்ளை மீசை வைத்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. "பட்டாள வண்டி பளபளன்னு நிக்கிறதுக்கு இல்ல. மணல்ல, அதோ தூரத்துல நிக்கிற அந்தப் படகு வரைக்கும் போய்ட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்" என்றார்.

அக்கா உதைத்தார். ஸ்டார்ட் ஆகவில்லை. இன்னொரு உதை. ம்ஹூம். தோல் ஜாக்கெட் சிரித்தபடி தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு மணலில் பாய்ந்தார். வேடிக்கை பார்க்க வந்திருந்த தனம் கத்தினார்: "யக்கா, எங்க இன்ஜினுக்கே உயிர் குடுத்தவ நீ! இது இன்னா பெரிசு!"

அக்கா கார்புரேட்டரின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்து மூன்றாவது முறை உதைத்தார். தட தட தடவென்று வண்டி முழங்கியது. உடனே ஏறிவிடவில்லை. மணலில் புதையாமலிருக்க, குனிந்து இரண்டு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார். பிறகு போனார் பாருங்கள்! பதமான தோசைமாவில் கரண்டி போவது போல மணலில் வழுக்கிக்கொண்டு போனது வண்டி.

பாதி வழியில் தோல் ஜாக்கெட்டின் வண்டி சக்கரம் முழுக்கப் புதைந்து நின்றது. அக்கா படகைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது தனம் ஓடி வந்து நீட்டிய கயிற்றை அவர் வண்டியில் கட்டி, ஆளோடு சேர்த்து வெளியே இழுத்து வந்தார். கரையே ஆடியது.

நடுவர் விறைப்பாக நின்று அக்காவுக்கு ஒரு சல்யூட் அடித்தார். பதில் சல்யூட் எப்படி அடிப்பது என்று எங்கள் மேஜருக்குத் தெரியாது. கண் கலங்கி, கிரீஸ் கையைக் குவித்துக் கும்பிட்டார். கோப்பை அவருக்குத்தான்.

டயரில் மறுபடி காற்றடித்துப் புறப்படும்போது ஹேண்டிலை என் கையில் ஒப்படைத்தார். "கை கடுக்குது. நீ ஓட்டு." அக்காவைத் தவிர யாரும் தொடாத வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பெருமாளே என்று ஏறினேன். பின்னால் அக்கா, மடியில் கோப்பை.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

"இன்னாடா தம்பி, மாவு மூட்ட ஏத்திகினு போறாப்புல உருட்டுற? வேகமாப் போயேன்!"

போகத் தெரியாமல் இல்லை. போனால், வீடு சீக்கிரம் வந்துவிடுமே.