கட்டை பிளக்க வந்த மூன்று பம்புகள்

அடுகோடி,
ஞாயிறு மாலை.

வைட்ஃபீல்டில் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கெல்லாம் யோசனை வழங்கும் அருமை மைத்துனன் அசோகனுக்கு, உன் மாமா இராஜமாணிக்கம் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா தமயந்தியும் நலம். என் சட்டை நலமில்லை.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றது முதல் உன் அக்காவின் தொன்னை பிரியாணிக் கடையில் எனக்கிருக்கும் ஒரே உத்தியோகம் விறகு பிளப்பது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கவே, எண்ணெய் அழுத்தத்தில் கட்டை பிளக்கும் இயந்திரம் ஒன்றை நானே செய்யப்போகிறேன், எந்த பம்ப் வாங்கலாம் என்று உன்னிடம் கேட்டேன். "எண்ணெயத் தள்ளுனா போதும் மாமா, எல்லா பம்பும் ஒண்ணுதான்" என்றாய். அதை நம்பி, பழைய இரும்புக் கடையில் இருந்ததிலேயே பெரிய பம்பை வாங்கி, மாவு மில்லில் கழித்துப்போட்ட மோட்டாரில் மாட்டினேன். கட்டையைத் தள்ளும் இரும்புத் தண்டு பாய்ந்துதான் வந்தது. கட்டையில் முட்டியதும் மோட்டார் ஒரு முனகல் முனகி நின்றது, கூடவே தெருவுக்கே கரண்ட் போனது. எதிர்வீட்டு லட்சுமம்மா பாதி அரைத்த சட்னியோடு வந்து, "ஏன்ரீ, பேங்க்ல இருந்தப்பவும் இப்டித்தான் எல்லாத்தையும் நிறுத்திட்டு உக்காந்திருந்தீங்களா?" என்று தன் கன்னடத் தமிழில் விசாரித்தார்.

சரி, பெரிசுதானே வம்பு என்று சின்ன பம்ப் மாட்டினேன். பலம் இருந்தது, வேகம் இல்லை. கட்டையை வைத்துவிட்டுப் போய்க் குளித்து, சாமி கும்பிட்டு வந்து பார்த்தால் தண்டு அப்போதுதான் கட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சாப்பிட வந்தவர்கள் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு, இது எப்போது பிளக்கும் என்று பந்தயம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். உன் அக்கா கரண்டியோடு வந்தாள். "ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்த ஆர்டர் இருக்கு. அதுக்குள்ள ஓடலன்னா இது காயலான் கடைக்கு, நீங்க கோடாலிக்கு."

அத்தோடு விடாமல் பம்ப் கடைக்கும் கூடவே வந்தாள். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கிளிஃபர்ட் என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னது அவள். "சும்மா வரும்போது வேகமா வரணும், கட்டை முட்டுனா நிதானமா, பலமா தள்ளணும். மொத்தத்துல இவருக்கு நேர்மாறா இருக்கணும்." அந்த மனிதர் சிரிக்காமல், "டூ ஸ்டேஜ் பம்ப்மா" என்று எடுத்து வைத்தார்.

இன்று காலை மாட்டி ஓட்டினேன், மாப்பிள்ளை. தைலமரக் கட்டை அப்பளமாட்டம் பிளந்தது. நடுவில் ஒரு குழாய் பிடுங்கிக்கொண்டு என்னை எண்ணெயால் குளிப்பாட்டியது உண்மை. ஆனால் அதற்குள் அடுப்புக்கு வேண்டிய விறகு சேர்ந்துவிட்டது, பிரியாணியும் நேரத்துக்குப் போய்விட்டது. "பரவால்ல, ஓடுது" என்றாள் உன் அக்கா, எல்லார் முன்னாலும். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் அதுதான். இனி செத்தாலும் கோடாலியைத் தொடமாட்டேன்.

உனக்கும் ஷில்பாவுக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் பெருகட்டும். உனக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் புத்தியும் பெருகட்டும்.

உன் மாமா,
இராஜமாணிக்கம்

பி.கு.: கவரை ஒட்டும்போது விறகுக்கடை அஷ்வத் வந்தார். இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எதுக்கு சார் இந்தப் பாடு? அதே விலைக்கு நானே பிளந்து போடறேனே" என்றார். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்களுக்கு டாக்டர் எக்சர்சைஸ் பண்ணச் சொல்லியிருக்கார், முழுக் கட்டையாவே போடுங்கன்னு அம்மாதானே சொன்னாங்க?" எனக்கு எந்த டாக்டரும் எதுவும் சொல்லவில்லை. உன் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"தொப்பை குறைஞ்சுதா, இல்லையா?" என்றாள்.