வலிக்காத கண்ணுக்கு ஒரு நற்சான்று

அன்புத் தம்பி வாண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தையும் முதல் வரியிலேயே தெரிவிப்பதுதான் முறை. கான்வென்டில் மதர் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். இந்த முறை அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன். டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்து வாசி.

சில மாதங்களாக இந்த வீட்டில் எதுவும் ஒழுங்காக இல்லை. முக்காலி வந்து என் முழங்காலில் இடிக்கிறது. தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தால், அங்கே மேசை இல்லை, கோப்பை தரையில் சுக்குநூறு. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கமே கிடையாதா என்று மருமகளைக் கேட்டேன். "அத்தை, முக்காலி எங்க கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்து அங்கயேதான் இருக்கு. உங்க கண்ணைத்தான் காட்டணும்" என்கிறாள். என் கண்ணையா! இன்றைக்கும் ஊசியில் நானே நூல் கோக்கிறேன், செய்தித்தாளின் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி ஆசிரியருக்கு அனுப்புகிறேன், அவர் பதில் போடாதது அவர் வளர்ப்பு. இதற்கு நடுவில் மாடியில் குடியிருக்கும் எஞ்சினியர் பேச்சை நிறுத்திவிட்டார். வாசலில் பக்கத்தில் நின்று தினமும் வணக்கம் சொன்னாராம், நான் மகாராணி மாதிரி போய்விட்டேனாம். மரியாதை தெரிந்த மனிதன் எதிரே வந்து நின்றல்லவா வணக்கம் சொல்ல வேண்டும்?

ஆகவே, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் கையெழுத்தோடு நற்சான்று வாங்கி மருமகள் முன்னால் வைப்பது என்று கிளம்பினேன். துணைக்கு வருகிறேன் என்றான் மகன். பரீட்சை எழுதத் துணை எதற்கு? தனியாகவே போனேன். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று வாசித்து, மூலையில் பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்துவிட்டுச் சான்றுக்குக் கையை நீட்டினேன். பரிசோதிக்கும் பெண் சிரித்துவிட்டு, "இன்னும் இருக்கும்மா" என்று, கவிழ்த்த அண்டா மாதிரி இருந்த ஒரு இயந்திரத்துக்குள் என் முகத்தை வைக்கச் சொன்னாள். நடுப் புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரங்களில் எங்கே வெளிச்சம் மினுங்கினாலும் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். முதலில் சில மினுங்கின. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. விடைத்தாளை வெற்றாக விட்டு வந்த வழக்கம் எனக்கு உண்டா? தாளம் பிடித்துக்கொண்டு நானே அமுக்க ஆரம்பித்தேன்.

"அம்மா, வெளிச்சம் வந்தா மட்டும் அமுக்குங்க."

"வரும்போதுதானே அமுக்கறேன்."

"இல்லம்மா, சும்மா சும்மா அமுக்கறீங்க. மிஷின் காட்டிக் கொடுத்துடுச்சு."

வாண்டு, வாழ்நாளில் பக்கத்துப் பெண்ணின் தாளை எட்டிப் பார்க்காத உன் அக்கா ஒரு இயந்திரத்திடம் காப்பியடித்து மாட்டிக்கொண்டாள். மறுபடி உட்கார வைத்தார்கள். இந்த முறை யோக்கியமாக எழுதினேன். பெரும்பாலும் வெற்றுத்தாள்தான்.

டாக்டர் என் மகனைவிடச் சின்னவர். "நேரா பார்க்கிறது பிரமாதமா இருக்கும்மா. ஓரமும் கீழ்ப்பக்கமும்தான் நிறைய போயிருக்கு" என்றார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறதாம். எனக்கு ஒரு நாள்கூட வலிக்கவில்லையே என்றேன். "வலிச்சிருந்தா முன்னாடியே வந்திருப்பீங்களே" என்றார். போன பார்வை திரும்புமா? திரும்பாது, தினமும் சொட்டு மருந்து விட்டு, தவறாமல் வந்து காட்டினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். வருஷத்துக்கு ஒரு தடவை காட்டியிருந்தால் இவ்வளவு போயிருக்காது. நான் கடைசியாகக் காட்டியபோது உன் அத்தான் உயிரோடு இருந்தார்.

இதைச் சொல்லவா இத்தனை தாள் என்று நினைக்காதே. கிளம்பும்போது டாக்டர் கேட்டார்: "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? இது ரத்த சம்பந்தத்துல வரும். அவங்க கட்டாயம் காட்டணும்." எனக்குச் சட்டென்று போன தடவை நீ வந்தது நினைவுக்கு வந்தது. ஸ்கூட்டரை நம் கேட் தூணில் உரசிவிட்டு, "தூணை யாருக்கா தள்ளி வெச்சது?" என்று கேட்டாயே, எல்லோரும் சிரித்தோமே. அதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. "எனக்கென்ன, கழுகுக் கண்ணு" என்று முன்பொரு முறை போனில் சொன்னாய். கழுகு தூணில் மோதாது. நாளைக்கே தனியாகப் போய்க் காட்டிவிட்டு வா. நமக்கு யார் துணையும் தேவையில்லை, நம் வீட்டில் அப்படி வளர்க்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை உன் மனைவியிடம் கொடு.

சகல நன்மைகளும் உன்னைச் சேரட்டும், முக்கியமாகக் கண் டாக்டரின் வாசலில்.

அன்புள்ள,
அக்கா

பின்குறிப்பு: தனியாகப் போய் வா என்று எழுதியதை அடித்துவிடு. நீ போக மாட்டாய், எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். உங்கள் ஊர்க் கண் ஆஸ்பத்திரியில் உன் பெயரைப் பதிவு செய்தாகிவிட்டது. துணை தேவையில்லை என்று எழுதியதையும் அடித்துவிடு. நிலையத்துக்கு வா. படி இறங்கும்போது என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள், படிகள் எனக்குத் தெரிவதில்லை. யாராவது கேட்டால், அக்காதான் உன்னைப் பிடித்து அழைத்துப் போகிறாள் என்று சொல்.