என் நம்பர் ஐந்நூற்றியொன்று

முன்பின் தெரியாதவர்கள் எவ்வளவு உயர்ந்தாலும் எனக்கு வயிறு எரிந்ததில்லை. அந்த வகையில் நான் நல்லவன். என்னோடு ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவன் உயர்ந்தால்தான் சோறு இறங்காது.

லோகநாதன் அப்படித் தொங்கி வந்தவன். இருவருக்கும் வரதய்யபாளையம். ஒன்றாகக் கம்ப்யூட்டர் படித்து, பக்தர்களுக்கு அறையும் வண்டியும் ஏற்பாடு செய்கிற ஒரு திருப்பதி கம்பெனியில் ஒன்றாகவே சேர்ந்தோம். கீபோர்டைத் தொட்டவனையெல்லாம் அமெரிக்கா கூப்பிட்ட காலம் அது. முதலாளியம்மாவின் தம்பி அங்கே நடத்திய ஆபீசுக்கு எங்களில் ஒருவரை அனுப்பப்போவதாகப் பேச்சு வந்தது. அவனிடம் பாஸ்போர்ட் இருந்தது. (என்னிடம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தது.)

அன்றிலிருந்து அவன் டீயை ஊதிக் குடித்தால்கூட, அமெரிக்காவுக்கு ஒத்திகை பார்க்கிறான் என்று தோன்றும்.

சித்தூரில் புதுக்கிளை திறக்கவிருந்தார்கள். அங்கிருந்த கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட நான் முன்னதாகப் போனேன். அதில் எனக்கென்று ஒரு கணக்கு தொடங்கி, முதல் வேலையாக முதலாளியம்மாவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். (திருப்பதிக்காரன் வேறெதை எழுதுவான்?) திறப்புவிழா முடிந்ததும் பிரிண்ட் எடுக்கலாம் என்று, வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த வேலை, வரவேற்பறைத் திரையில் அறிவிப்புகளைக் காட்டும் ஒரு புரோகிராம். அதை சித்தூரில் நிறுவ, பேக்கேஜாகக் கட்டவேண்டும். நிறுவும்போதே புரோகிராமுக்கென்று தனிக் கணக்கும் அதற்கு ஓர் எண்ணும் உண்டாக்கும் கட்டளை அந்த பேக்கேஜுக்குள் இருக்கும். லினக்ஸுக்குப் பெயர் முக்கியமில்லை. எந்தக் கோப்பு யாருடையது என்பதை எண்ணை வைத்தே முடிவு செய்யும். என் புரோகிராம் தன் எண்ணில் இருக்கும் கோப்புகளையெல்லாம் தேடிப்பிடித்து, எழுதியவர் பெயரையும் கீழே சேர்த்துக் காட்டும்.

நான் ஐந்நூற்றியொன்று என்று போட்டேன். திருப்பதி கம்ப்யூட்டரில் அது காலியாக இருந்தது, ராசியான எண்ணும்கூட.

லோகநாதன் எட்டிப் பார்த்தான். “நம்பர நீ குடுக்காதடா. மிஷினயே கேளு, காலியா கீறத அதுவே குடுக்கும். அங்க அந்த நம்பர் வேற யாருக்காச்சும் இருந்தா இன்னா பண்ணுவ?”

அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எரிச்சல்.

“எனக்குத் தெரியும், நீ உன் வேலயப் பாரு” என்றேன். அவன் போனதும், அந்த எண் ஏற்கெனவே யாரிடமாவது இருந்தாலும் தகராறு செய்யாமல் கொடு என்று இன்னொரு கட்டளையையும் சேர்த்தேன்.

திறப்புவிழாவுக்கு லோகநாதனும் வந்திருந்தான். அன்று காலையில் பேக்கேஜை நிறுவினேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது. முதலாளியம்மா தேங்காய் உடைத்துத் திரை முன் உட்கார்ந்தார். முதலில் நல்வரவு வந்தது. அடுத்து அலுவலக நேரம். மூன்றாவதாக, நான் எழுதிய ஆங்கிலத்தில், இது வந்தது:

‘மேடம், லோகநாதனுக்குத் திருமலைக் குளிரே தாங்காது. அமெரிக்கா போனால் அவர் உயிருக்கு நாம் பொறுப்பில்லை. ஆனால் உங்கள் ஆபீசில் பன்னிரண்டு மாதமும் பச்சைத்தண்ணீரில் குளிக்கும் ஒருவர் இருக்கிறார். தன்னடக்கத்தால் அவர் வாய் திறப்பதில்லை. இப்படிக்கு, நலம்விரும்பி.’

சித்தூரில் ஐந்நூற்றியொன்று என் சொந்தக் கணக்கின் எண். என் பூட்டுக்கு என் புரோகிராமிடமே சாவி இருந்திருக்கிறது.

“இதி எவரு ராசிந்தி?” என்றார் முதலாளியம்மா. யார் எழுதியது என்று அவர் கேட்டதும், நான் உடைந்த தேங்காயைப் பொறுக்கக் குனிந்தேன்.

வரவேற்பில் இருந்த பெண்தான் உதவினாள். “கீழ பேரு வருது பாருங்க, மேடம்.”

ஓர் எண்ணுக்கு இரண்டு பேர் இருந்தால் பட்டியலில் முதலில் இருப்பவன் பெயரைத்தான் லினக்ஸ் சொல்லும். நலம்விரும்பிக்குக் கீழே என் பெயர், இனிஷியலோடு, பளிச்சென்று நின்றது.

லோகநாதன் கீபோர்டை இழுத்து, புரோகிராமுக்கு வேறு எண் கொடுத்து, அதன் கோப்புகளையும் அந்த எண்ணுக்கு மாற்றினான். நாலு நிமிடம் ஆகியிருக்கும். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

வெளியே வந்ததும் கேட்டான்: “நெஜமாவே குளுரு எனக்கு ஆவாதுடா. ஸ்வெட்டர் எங்க நல்லா கெடைக்கும்?”

போய் வாங்கிக் கொடுத்தேன். அவன் அமெரிக்கா போனான். நான் சித்தூர் கிளையிலேயே தங்கினேன். வரவேற்பில் இருந்த பெண்ணைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன். அதனால் இந்தக் கதை வீட்டில் சாகவே மாட்டேன் என்கிறது. போன வாரம் எதிர்வீட்டுக்காரரின் புதுக் காரைப் பார்த்து, “லோன்லதான் வாங்கியிருப்பான்” என்றேன். மகள் புத்தகத்திலிருந்து நிமிரவேயில்லை.

“நைனா, கீழ உன் பேரு வந்துக்கினு கீது.”