இன்டர்வியூவில் பேசியது அவன் அத்தா

786

விருதுநகர்
10-12-2007

சென்னையில் மாடிக் கட்டிடத்தில் இருந்தபடியே செல்போன் வழியாக ஊர் ஊராக வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய ரோஷினி மேடம் அவர்களுக்கு,

விருதுநகர் கழிவுக் காகித வியாபாரி கா. நைனா முகம்மது எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் நானும் என் வீட்டாரும் நலம். நீங்களும் உங்களைப் பெற்றவர்களும் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். சென்ற புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு நீங்கள் இருபது நிமிடம் பேசியது என்னிடம். பேச நினைத்தது என் மகன் சுஃபியானிடம். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் ஒரு வரிச் சமாச்சாரத்தை ஒரு வரியில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, பொறுத்தருள வேண்டும்.

தப்பு எங்கே தொடங்கியது என்றால் பெயரில் தொடங்கியது. மெசேஜ் அனுப்பினால் வேலை என்று பேப்பரில் உங்கள் கம்பெனி விளம்பரம் வந்தது. சுஃபியான் பி.சி.ஏ. முடித்து இரண்டு வருடம் ஆகிறது. அவன் செல் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து மொட்டைமாடி வெயிலில் காய்ந்துகொண்டிருந்ததால் என் செல்லிலிருந்து அனுப்பினான். முதல் பெயர் என்ன, கடைசிப் பெயர் என்ன என்று உங்களிடமிருந்து பதில் வந்தது. எங்கள் பக்கம் ஒருவனுக்கு ஒரு பெயர்தான் மேடம். அதற்கு முன்னால் அப்பன் பெயரின் முதல் எழுத்து ஒன்று நிற்கும், அவ்வளவுதான் எங்கள் சொத்து. கடைசிப் பெயருக்குப் பிள்ளை எங்கே போவான்? என் பெயரை முழுசாக எழுதி அனுப்பிவிட்டான். உங்கள் கம்ப்யூட்டர் அவன் பெயரைத் தள்ளி வைத்துவிட்டு என் பெயரைப் பிடித்துக்கொண்டது. நீங்களும் “மிஸ்டர் நைனா முகம்மதுவா?” என்று கேட்டீர்கள். ஐம்பத்தாறு வருடமாக அந்தப் பெயரோடு இருக்கிறவன் இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

அதே வாரத்தில் சென்னையிலிருந்து புதுப் பார்ட்டி ஒருத்தர் லோடு கேட்டுக் கூப்பிடுவார், விவரமாகப் பேசுங்கள் என்று சிவகாசி புரோக்கர் சொல்லி வைத்திருந்தார். சிவகாசி அச்சாபீஸ்களில் வெட்டி விழுகிற காகிதத்தை வாங்கிக் கட்டி, வெடிக் கம்பெனிகளுக்கும் காகித ஆலைகளுக்கும் அனுப்புவது என் தொழில். இப்போது காலண்டர் சீசன், குடோனில் உட்கார இடமில்லை. அந்தப் பார்ட்டிதான் நீங்கள் என்று நினைத்துக்கொண்டேன். இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசினீர்கள். “தாயீ, தமிழ்லயே சொல்லுங்க” என்றேன். நீங்களும் சிரித்துக்கொண்டே தமிழுக்கு வந்தீர்கள். அந்தச் சிரிப்பில்தான் நான் ஏமாந்தேன்.

“அனுபவம் ஏதாவது இருக்கா சார்?” என்றீர்கள். “முப்பத்தொரு வருசம்” என்றேன். “உங்களை நாங்க ஏன் எடுக்கணும்னு சொல்லுங்க” என்றீர்கள். “நம்ம கட்டுல ஈரம் இருக்காது, எடைக்காக உள்ள கல்லு வைக்கிற பழக்கம் பரம்பரையிலயே கிடையாது” என்றேன். சென்னைக்கு வரத் தயாரா என்று கேட்டதற்கு, தார்ப்பாய் போட்டு மறுநாள் காலையில் வாசலில் இறக்கிவிடுவோம் என்றேன். இன்னும் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டீர்கள். இது மட்டும் வியாபாரக் கேள்வியாகத் தெரியவில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்களே என்று, “அல்லா நாடினா ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்திருப்பேன், நாடலைன்னா பள்ளிவாசல் பின்னால மண்ணுக்குள்ள படுத்திருப்பேன்” என்றேன். நீங்கள் பதறிப்போய், “அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார்” என்றீர்கள். என் வீட்டில்கூட அப்படி யாரும் பதறியதில்லை.

கடைசியில், “பி.சி.ஏ.ன்னு போட்டிருக்கே?” என்றீர்கள். “அது எங்க மகன்லா தாயீ” என்றேன். “அவர் எப்படி சார்?” என்று கேட்டீர்கள். இங்கேதான் மேடம் நான் மண்ணை அள்ளிப் போட்டேன். “அவனா? தண்டம். காலையில எட்டரைக்கு எந்திரிப்பான். ஒரு வேலைக்கு ஆக மாட்டான். அவனையெல்லாம் எவன் எடுப்பான்?” என்றேன். “சார், உங்க மகனை எடுக்கத்தான் நாங்க கூப்பிட்டோம்” என்று நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, அடுத்த நொடி செல்லில் சார்ஜ் போய்விட்டது. குடோனில் கரண்ட் இல்லை. காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எங்கள் ஊரில் மகனைப் பெற்றவன் அடுத்தவர் முன்னால் அவனைப் புகழ மாட்டான். புகழ்ந்தால் கண்ணேறு பட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கினால் “ஏதோ குருட்டுப் போக்குல வாங்கிட்டான்” என்போம். “மூக்கும் முழியுமா இருக்கானே” என்று யாராவது சொன்னால் “கழுதை, சோறுதான் திங்குது” என்போம். கேட்கிறவர்களுக்கும் இது தெரியும். நான் தண்டம் என்றால் பையன் தங்கம் என்று அவர்களாக எடுத்துக்கொள்வார்கள். சென்னையில் அப்படி எடுத்துக்கொள்ள ஆள் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

சாயங்காலம் சுஃபியானிடம் சொன்னேன். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “பரவாயில்லத்தா, வேற வேலை வரும்” என்று சொல்லிவிட்டு, ஒன்றரைப் புரோட்டாவோடு எழுந்துவிட்டான். வழக்கமாக ஐந்து சாப்பிடுகிறவன். என் மனைவி சுலைகா என்னைத் திட்டக்கூட இல்லை. அவள் திட்டாத நாள் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அது இரண்டாவது.

மறுநாள் உங்கள் நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்து ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. “ஏம்மா, நேத்துப் பேசுன பிள்ளையைக் கூப்பிடு” என்று மூன்று தடவை கெஞ்சினேன். அது மிஷின் என்று பிறகுதான் தெரிந்தது. சரி, நீங்கள்தான் மெசேஜில் ஆள் எடுக்கிறவர்களாயிற்றே, நாமும் மெசேஜிலேயே சொல்லிவிடுவோம் என்று ஒரு மணி நேரம் பட்டன் அமுக்கி, ‘என் மகன் நல்ல பையன். நான் சொன்னது பொய். தயவுசெய்து எடுத்துக்கொள்ளவும். நைனா’ என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். எல்லாருக்குமா என்று செல் கேட்டது. மரியாதையாகக் கேட்கிறதே என்று ஆமாம் கொடுத்துவிட்டேன். செல்லில் இருந்த தொண்ணூற்று மூன்று பேருக்கும் போய்ச் சேர்ந்தது. உங்களுக்கு வந்ததா தெரியவில்லை. மற்ற எல்லாருக்கும் வந்துவிட்டது. நாரணாபுரத்தில் வெடிக் கம்பெனி வைத்திருக்கும் மாரிசாமி உடனே கூப்பிட்டு, “அண்ணே, பிள்ளையை எங்கன வந்து எடுத்துக்கிடணும்? கோவிச்சுக்கிட்டுப் போயிட்டானா?” என்றார். சிவகாசி அச்சாபீஸ் மேனேஜர் முத்துக்கருப்பன், “இத்தனை வருசத்துல உங்க வாயில இருந்து இப்பத்தான் உண்மை வந்திருக்கு பாய், மெசேஜை அழிக்காம வச்சிருக்கேன்” என்றார். ஊர் பூராவும் மகன் பெருமை பரவிவிட்டதே என்று சுலைகா வற்றலும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். ஒரு தும்மல் வரவில்லை. “பாத்தீகளா, அம்புட்டும் கண்ணேறு” என்று அன்றைக்குத்தான் அவளுக்கு வாய் திரும்பியது.

ஆகையால் மேடம், கண்ணேறு கழிந்துவிட்டது, இனிமேல் எதற்கும் பயமில்லை, எழுத்திலேயே தருகிறேன். சுஃபியான் நல்ல பையன். என் குடோனில் மூட்டை தூக்கும் சங்கிலிமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது. செல் மணி அடித்தால் யார் என்று தெரியாமல் எடுக்கவே பயப்படுவார். என் மகன் அவர் வீட்டுக்குப் போய் அவர் பெண்டாட்டி, மகள், மருமகன் எல்லாரையும் படம் பிடித்து, அவரவர் கூப்பிட்டால் அவரவர் முகம் தெரிகிற மாதிரி செய்து கொடுத்தான். பெண்டாட்டி படம் வந்தால் சங்கிலிமுத்து இப்போதும் எடுக்கப் பயப்படுகிறார், அதற்கு என் மகன் பொறுப்பில்லை. போன வருடம் அதே சங்கிலிமுத்து லோடு மேலிருந்து விழுந்து கால் ஒடிந்தபோது நான்கு நாள் ஆஸ்பத்திரியில் தரையில் படுத்து, பெட்பேன் எடுத்து வைத்தவன் என் மகன். அதைக்கூட அவன் சொல்லி எனக்குத் தெரியாது, நர்ஸம்மா சொன்னது. அன்றைக்கு அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. “சட்டையைப் பாரு, போய்க் குளி” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக நான் அவனிடம் நல்ல வார்த்தை ஒன்று சொன்னதில்லை மேடம். முதல் தடவையாக உங்களிடம் சொல்கிறேன், அவனிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எட்டரை மணிக்கு எழுவது மட்டும் உண்மை. அதில் பொய் சொல்ல மாட்டேன்.

அவனுடைய செல் காய்ந்து உயிர் பெற்றுவிட்டது. நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். அதில் கூப்பிட்டு அவனையே கேளுங்கள். நாளைக்கே வரச் சொன்னாலும் அனுப்பி வைக்கிறேன், நாங்கள் தாங்கிக்கொள்வோம். நான் பேசியதை அவன் பேசியதாக எண்ணித் தள்ளிவிடாதீர்கள். நீங்கள் நோய்நொடி இல்லாமல், நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு, கூப்பிட்ட நம்பரில் கூப்பிட்ட ஆளே எடுக்கிற பாக்கியம் பெற்று நீடூழி வாழ இறைவன் அருள்வானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
மகனை இழிவாகப் பேசிய
கா. நைனா முகம்மது

பின்குறிப்பு (வியாழக்கிழமை): கடிதத்தை ஒட்டித் தபாலில் போடுவதற்குள் மூன்று நாள் லோடு வேலையில் ஓடிவிட்டது. இன்று காலை நீங்களே என் செல்லில் திரும்பக் கூப்பிட்டு அவனைக் கேட்டுவிட்டீர்கள். செல்லை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய் முக்கால் மணி நேரம் பேசினான். கீழே வந்து, “வேலை கிடைச்சிருச்சுத்தா, திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாக” என்றான். “சரி, சரி, அங்கயாவது ஒழுங்கா இரு” என்று சொல்லிவிட்டுக் குடோனுக்கு வந்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நான் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள் மேடம். அவன் இல்லாத பெருநாள் எங்களுக்கு இதுவரை வந்ததில்லை. மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். பத்தே பத்து நாள் தள்ளிப் போடுங்கள். நான் கேட்டதாகச் சொல்லிவிடாதீர்கள். அவன் உட்கார வேண்டிய நாற்காலி இன்னும் வந்து சேரவில்லை என்று ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும், பிள்ளை நம்பிவிடுவான்.