தேனீ உட்கார்ந்த செடிக்கு மட்டும்

அப்பா ஒரு சபதம் எடுத்திருந்தார். கொல்லையில் ஒரு களையைக்கூட யாரும் பிடுங்கக் கூடாது. காரணம், மொட்டைமாடியில் அவர் வைத்திருக்கும் தேனீப் பெட்டி. உண்மையான காரணம், சோம்பேறித்தனம். பெத்த மகள் நானே சொல்கிறேன்.

களை ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. துணி காயப்போடப் போகும் அம்மாவைக் குரல் கொடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"எல்லாம் தேனீக்குச் சாப்பாடுடி," என்றார் அப்பா.

"எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்," என்றாள் அம்மா.

"எல்லாமேதான்."

"சரிங்க. ஞாயித்துக்கிழமை தேனீ உக்கார்ற செடியா பாத்துச் சிவப்புத் துணி கட்டுங்க. அதை விட்டுடலாம். மத்ததை நீங்க பிடுங்கணும். முடியாதுன்னா பெட்டி என் தம்பி வீட்டுக்குப் போயிடும்."

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெட்டி அவருக்கு உயிர். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அதைத்தான் முதலில் எட்டிப் பார்த்தார்.

ஞாயிறு விடியும்போதே கொல்லையில் இறங்கிவிட்டார். தையற்கடைக்காரர், துணித் துண்டுக்கா பஞ்சம்? ஏழு மணிக்குள் கொல்லை முழுக்கச் சிவப்பு. நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

அம்மா வந்தாள்.

"அடேங்கப்பா! எல்லாத்துலயும் உக்காந்துச்சா?"

"ஒண்ணு விடாம. கண்ணால பாத்தேன்."

"இதுல?"

"அதுல ரெண்டு."

"இது இன்னும் மொட்டே விடலையேங்க."

"வேவு பாக்க வந்திருக்கும்."

"துணிக்கொடிக் கம்புலயும் கட்டியிருக்கீங்க?"

நான் சிரித்துத் தொலைத்தேன். அப்பா முறைத்தார்.

"ராத்திரி மழை. இன்னும் குளிர் விடல," என்றாள் அம்மா. "பெட்டியை விட்டு ஒரு தேனீகூட வெளிய வரலைங்க."

தேனீ எதில் உட்காருகிறது என்று மூன்று மாதமாகப் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்திருக்கிறாள். விறுவிறுவென்று கை நீட்டினாள்.

"தும்பை. நெருஞ்சி. சுவரோரமா அந்த மஞ்சப்பூ. இது மூணுலதான் உக்காருது. மத்ததுல இருக்கற துணியை அவுத்துட்டுப் பிடுங்குங்க."

அப்பா பிடுங்கினார். வெயில் ஏறியதும் தேனீக்கள் இறங்கின. தும்பை, நெருஞ்சி, மஞ்சப்பூ. வேறு எதையும் சீண்டவில்லை. அப்பா வாயைப் பிளந்தார்.

பொழுது சாயும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து கேட்டார். "இப்ப பெட்டி இங்கதானே இருக்கும்?"

"இங்கதாங்க இருக்கும்."

அப்பா விட்ட பெருமூச்சில் அவர் வயிறே உள்ளே போனது. எனக்கும் நிம்மதிதான்.

அம்மா அவருக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "தம்பிக்குத் தேனீன்னாலே நடுக்கம். வேண்டவே வேண்டாம்னு போன மாசமே சொல்லிட்டான்."