அளவுகோலும் ஐந்து பேட்டுகளும்

"பேட்டுதான் சரியில்லை!" என்று அளவுகோல் கத்தியபோது அந்த பேட் அவர் கையில் இல்லை. அச்சகத்தின் பின்முற்றத்தைத் தாண்டி, ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு, முதலாளியின் மேசைமேல் போய் விழுந்திருந்தது. பந்து மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் சுவரோரம் கிடந்தது.

முதலாளி பேட்டோடு வெளியே வந்தார். அச்சகத்தின் பேஸ்பால் அணிக்கும் அவர்தான் கேப்டன்.

"அளவுகோல், போன வருஷம் நாலு பந்தாவது அடிச்சே. இந்த வருஷம் மூணு ஆட்டம் முடிஞ்சாச்சு, ஒண்ணுகூட படலை. ஞாயித்துக்கிழமை பேக்கரிக்காரங்களோட ஆட்டம். அன்னைக்கும் யாராவது ஒருத்தர் அடிச்சு நீ அடிக்கலைன்னா, உன் சட்டையை மச்சானுக்குக் குடுத்துடு."

பந்து வீசிக்கொண்டிருந்த மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். அவன் காகிதம் வெட்டும் பிரிவில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அளவுகோலுடைய மனைவியின் தம்பி, அவர் வீட்டிலேயே தங்கியிருப்பவன். அந்த ஏழாம் எண் சட்டையை அவன் போட்டுக்கொண்டு ஆட, அதைத் தன் வீட்டிலேயே, தன் மனைவியே துவைத்துக் காயப்போட, அதைத் தான் பார்க்க! அளவுகோலுக்கு வயிறு எரிந்தது.

பதினொரு வருடமாக ரப்பர் முத்திரை வெட்டுபவர். எதையும் அளக்காமல் தொடமாட்டார், அதனால்தான் அந்தப் பெயர். சீசன் தொடங்குவதற்கு முன் நூலகத்திலிருந்து பேஸ்பால் பயிற்சிப் புத்தகம் எடுத்தார். மூன்றே நாள் தவணை. பேட்டைப் பிடிக்கும் முறையைக் காட்டும் படத்தை, இரண்டு அவசர முத்திரைகளுக்கு நடுவே, வேலை மேசையில் வைத்தே பெரிதாக வரைந்து, பின்முற்றத்திலிருந்தும் தெரியும்படி எதிர்ச்சுவரில் ஒட்டினார். பேட்டின் பிடி, அதில் இரண்டு கைகள், அவ்வளவுதான். ஆனால் விரல் கணுக்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில், மில்லிமீட்டர் பிசகாமல்.

இத்தனை செய்தவனையா குறை சொல்வது?

அன்று மாலையே கடைக்குப் போய் இன்னொரு பேட் வாங்கினார். பழையது தொள்ளாயிரத்து ஐம்பது கிராம், புதியது எண்ணூறு. மறுநாள் அவர் சுழற்றி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்ட பிறகுதான் பந்து வந்து சேர்ந்தது.

கடைக்காரர் பிடி ஒல்லியான பேட்டைக் கொடுத்தார். அது உள்ளங்கையில் உருண்டது. பிடி தடித்ததை வாங்கினார். விரல்கள் சுற்றிவர மறுத்தன. ஐந்தாவது பேட்டுக்குப் பிசின் நாடா சுற்றியதில், வழுக்குவது நின்றது. ஆனால் பேட் கையைவிட்டு வரவேயில்லை. அதோடுதான் வீட்டுக்குப் போனார்.

"என்னங்க இது, கையில பேட்டோட சாப்பிடப்போறீங்களா?" என்று மனைவி எண்ணெய் எடுத்துவந்து தேய்த்தாள்.

"உன் தம்பிக்குச் சட்டை வேணுமாம். நான் விட்டுடுவேனா?"

"அவன் எப்பங்க கேட்டான்? அசையாதீங்க. மளிகைச் சீட்டு வேற எழுதணும்."

"நான் எழுதறேன், விடு."

"சாமி, வேணாம்! போன தடவை நீங்க எழுதினதைக் கடைக்காரர் பின்பக்கம் திருப்பி, வெளிச்சத்துல பிடிச்சுல்ல படிச்சாராம்."

"தொழில் பழக்கம்டி! அதுக்கும் நான்தான் கிடைச்சேனா?"

வெள்ளிக்கிழமை, பிடியை இரண்டு விரல் மேலே ஏற்றிப் பிடித்துப் பார்த்தார். பந்து படவில்லை. பேட்டின் அடிக்குமிழ் அவர் வயிற்றில் பட்டது. அவர் உட்கார்ந்து மூச்சைத் தேடிக்கொண்டிருந்தபோது, மச்சான் அவர் கழித்துப்போட்ட ஒல்லிப் பிடி பேட்டை எடுத்தான். முதல் பந்து மதிலைத் தாண்டியது. தடிப் பிடி பேட்டை எடுத்தான். அதுவும் தாண்டியது.

"எப்படிடா அடிக்கறே?"

"தெரியலை மாமா. வருது, அடிக்கறேன்."

"தெரியாம அடிக்கறதெல்லாம் ஒரு அடியா? கையைக் காட்டு!" அளவுகோல் எழுந்தே விட்டார். "தப்பு! மொத்தமும் தப்பு! அங்க சுவத்துல என்ன போட்டிருக்கு, நீ என்ன பிடிச்சிருக்கே?"

மச்சான் படத்தைப் பார்த்து, வலது கையை அடிக்கு மாற்றிக்கொண்டான். அடுத்த பத்துப் பந்தில் ஒன்றுகூட படவில்லை.

"முதலாளி, வந்து பாருங்க! முறையாப் பிடிச்சா இந்த பேட்டுல எவனாலயும் அடிக்க முடியாது! நான் அஞ்சு நாளா இதைத்தானே சொல்றேன்!"

முதலாளி படத்தின் முன் நின்று தாடையைத் தடவினார். "புத்தகத்துல இப்படித்தான் இருந்துச்சா?"

"கணுக் கணுவா அளந்தேன்."

"நானும் இத்தனை வருஷமா ஏதோ குத்துமதிப்பாத்தான் பிடிச்சிருக்கேன். சரி, நாளையிலேருந்து எல்லாரும் இப்படியே பிடிங்க. ஒழுங்குன்னு ஒண்ணு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை பேக்கரி அணிக்குப் பந்து வீசியது, அங்கே மாவு பிசையும் பெண். அச்சகத்தின் ஒன்பது பேரும் வரிசையாகப் போய், ஒழுங்காகப் பிடித்து, காற்றை வெட்டிவிட்டுத் திரும்பினார்கள். முதலாளி இரண்டாவது முறை சுழன்றதில் அவரே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாற்று ஆளாக நடுவில் இறங்கிய மச்சானும் மூன்று பந்தையும் விட்டான். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண், "உங்க ஆளுங்களுக்கெல்லாம் கையில ஏதாவது அடியா?" என்று கவலையோடு கேட்டாள்.

அளவுகோலுக்குத் தலைகால் புரியவில்லை. யாருமே அடிக்கவில்லை. சட்டை பிழைத்தது. அதைவிட முக்கியம், தான் சொன்னது நிரூபணமாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை, பேட் கடைக்கு இரண்டு பக்கப் புகார் எழுதினார், ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து. எடை, நீளம், பிடியின் சுற்றளவு, தவறிய பந்துகள் நூற்று எண்பத்து நான்கு. ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து பேட்டுகளையும் கயிற்றில் கட்டி, 'தரமற்றது' என்று இதற்காகவே வெட்டிய முத்திரையை ஒவ்வொன்றிலும் பளீரென்று குத்தினார்.

"இவனுங்களை விடக்கூடாது. நூத்தி எம்பத்தி நாலு பந்து!" என்று அவர் பொருமிக்கொண்டிருந்தபோது, மாவு பிசையும் பெண் உள்ளே வந்தாள். பேக்கரிக்குச் சொல்லியிருந்த முத்திரையை வாங்க வந்திருந்தாள். அதைத் திருப்பி, ரப்பரில் இடவலம் மாறியிருந்த எழுத்தைப் பார்த்தாள். காகிதத்தில் ஒருமுறை குத்திப் பார்த்தாள். நிமிர்ந்து சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். கட்டிவைத்திருந்த பேட்டுகளைப் பார்த்தாள்.

பிறகு மைப்பெட்டியை மெதுவாக அவர் பக்கம் தள்ளினாள்.

"அண்ணே, அந்தப் படத்துலயும் மை தடவி ஒரு காகிதத்துல ஒத்தி எடுங்க, அப்பதான் இடது கை அடியில வரும், பந்தும் பேட்டுல படும்."